குதிரையின் கண்ணில் எவர் மருந்தூற்றலாம்?

நிக்காஹ் ஊர்வலத்தில் மாப்பிள்ளை குதிரையேறி வருவது கூடுமா, கூடாதா என்ற வாதம் நம் ஊர்களில் ஓய்ந்தபாடில்லை. வீண்விரயம் என்பர் ஒரு சாரார். மூதாதையர் வழக்கம் என்பர் மறு சாரார். நாமும் ஒரு பக்கம் நின்று தொண்டை வறளப் பேசியவர்களே. ஆனால், மாப்பிள்ளையைச் சுமந்து வரும் அந்த வாயில்லா ஜீவனின் கண்ணைப் பற்றி இரு தரப்பில் எவரும் ஒரு வார்த்தை பேசி நாம் கேட்டதில்லை. நாமும் பேசியதில்லை. பேசாதிருந்ததற்கு ஒரு குதிரை கொடுத்த விலையைக் கண்ட பின்னரே இதை எழுதுகிறோம்.

சென்ற ஷவ்வாலில் நடந்தது இது. நம் மதரஸாவில் ஓதும் ஒரு சிறுவனின் தந்தை ஊர்வலங்களுக்குக் குதிரை விட்டுப் பிழைப்பவர். அவரிடமிருந்தது ஒரேயொரு வெள்ளைப் பெண் குதிரை. ஓர் ஊர்வலத்தில் இளைஞர்கள் நுரைத் தெளிப்பானை அடித்தும், ஜிகினாக் காகிதக் குழாய்களை வெடித்தும் கும்மாளமிட்டனர். மறுநாள் காலை குதிரையின் இடக் கண்ணில் நீர் வடிந்தது. இமை பாதி மூடிக் கிடந்தது. பாடம் முடிந்ததும் சிறுவன் அருகே வந்து, "ஹஜ்ரத், அத்தா உங்களை வந்து கொஞ்சம் ஓதி ஊதச் சொன்னாங்க" என்றான்.

அஸருக்குப் பின் சென்றோம். ஃபாத்திஹா ஓதி ஊதினோம். அத்தோடு நின்றிருந்தால் பழுதில்லை. "தேனில் ஷிஃபா இருக்கிறது, காலையும் மாலையும் ஒரு சொட்டு விடுங்கள், சரியாகிவிடும்" என்றும் சொல்லி வந்தோம். குதிரையைப் பற்றியோ கண்ணைப் பற்றியோ ஒரு பக்கமும் படித்திராத நாம் அப்படிச் சொன்னோம். ஹஜ்ரத் சொல்லிவிட்டார் என்பதால் அவர் மூன்று நாள் வேறெவரிடமும் கேட்கவில்லை.

நான்காம் நாள் கண் குறையாததைக் கண்டு, தம் தாயாரின் கண்புரை அறுவைக்குப் பின் மிஞ்சிய சொட்டு மருந்தை எடுத்து ஊற்றினார். என்ன ஆச்சரியம், சிவப்பு குறைந்தது! இமை சற்றுத் திறந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று நாமும் மகிழ்ந்தோம். அந்தக் கண்ணோடு குதிரை இன்னுமொரு ஊர்வலத்துக்கும் சென்று வந்தது. அதற்கு மறுநாள் விடிந்தபோது கருவிழி நீலம் பாய்ந்து, நடுவில் சளி கட்டியதுபோல் குழைந்து தொங்கியது. பக்கத்து நகரிலிருந்து வந்த கால்நடை மருத்துவர் முதலில் கேட்டது, "என்ன ஊற்றினீர்கள்?" என்பதே. மருந்துப் பெட்டியை வாங்கிப் பொடி எழுத்தைப் படித்தார். அதில் கிருமிக்கொல்லியோடு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் கலந்திருந்தது. கண்ணைக் காப்பாற்ற இயலவில்லை. வலியிலிருந்து குதிரையைக் காக்க அந்தக் கண்ணை எடுத்துவிட வேண்டியதாயிற்று.

தேன்தான் கெடுத்ததா என்று மருத்துவரிடம் கேட்டோம். அடுக்களைத் தேன் கிருமி நீக்கியதன்று, அதைப் புண்ணில் விடக்கூடாது என்றவர், அதைவிடப் பெரிதாய்க் கெடுத்தது அந்த மூன்று நாள் என்றார். அவர் கடிந்துகூடப் பேசவில்லை. அதனாலேயே அச்சொல் நம்மை இன்னும் உறுத்துகிறது.

இனி வாதத்துக்கு வருவோம். "கண் சிவந்தால் கண் மருந்து; இதற்கென்ன பெரிய படிப்பு?" என்போருக்கு முதலில் கண்ணைக் காட்ட வேண்டும். நிலத்தில் வாழும் பாலூட்டிகளில் மிகப் பெரிய கண்களை உடையவற்றுள் குதிரையும் ஒன்று. அக்கண் தலையின் பக்கவாட்டில் புடைத்து நிற்கிறது. எதிரியைத் தொலைவிலேயே காண அல்லாஹ் அளித்த அமைப்பு அது. அதே அமைப்பினால் வைக்கோல் நுனி, ஆணி முனை, சாட்டை வீச்சு, ஜிகினாத் தூள் யாவும் முதலில் படுவதும் அங்கேதான். கருவிழியை மூடியிருக்கும் கண்ணாடி போன்ற படலம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனமே உடையது. அதன் மேல்தோல் உரிந்தால் அதுவே புண். உரிந்த இடத்தில் கிருமி புகுந்தால் அது ஆழ்கிறது. சில கிருமிகளும், புண்ணை ஆற்ற வரும் உடலின் சொந்த அணுக்களுமே சுரக்கும் நொதிகள் படலத்தின் நாரைக் கரைக்கத் தொடங்கினால், ஓரிரு நாளில், சில வேளை அதற்கும் முன்பே, கண் பொத்துவிடும். நாம் கண்ட அந்தச் சளி போன்ற குழைவு கரைந்துகொண்டிருந்த கருவிழியே. பீளை என்று எண்ணித் துணியால் துடைக்கப் போனோம். மருத்துவர் கையைப் பிடித்துத் தடுத்தார்.

ஸ்டீராய்டு என்ன செய்கிறது? அழற்சியை அடக்குகிறது. அழற்சி அடங்கினால் சிவப்பு குறையும், வலி குறையும், பார்ப்பவர் மனம் குளிரும். ஆனால், புண்ணை மூடவரும் புதுத் தோலை அது தடுக்கிறது. கிருமியோடு போராடும் உடலின் கையைக் கட்டிப்போடுகிறது. படலத்தைக் கரைக்கும் நொதிகளுக்கு வலுவூட்டுகிறது. பூஞ்சை புகுந்திருந்தால் அதற்கு விருந்து வைக்கிறது. கண்புரை அறுவை முடிந்த மூதாட்டிக்கு அதே மருந்தைத் தேர்ந்த மருத்துவர் அளவிட்டு, நாளிட்டுக் கொடுத்தார். அவருக்கு அது நலம் செய்தது. அதே புட்டி அவர் வீட்டுக் கொட்டிலில் ஒரு கண்ணைத் தின்றது. புட்டியின் மீது பழியில்லை. கேளாமல் எடுத்த கையின் மீதே பழி.

இங்கேதான் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இதை அறிந்த பின்னரே நம் வாய் அடைத்தது. குதிரைக்கு வரும் கண்நோய்களில் மற்றொன்று கண்ணின் உட்சுவர் அழற்சி. விட்டுவிட்டு மீண்டும் மீண்டும் வந்து, கடைசியில் பார்வையைக் கொண்டுபோய்விடும். நிலவின் தேய்வு வளர்வைப் பொறுத்து அது வருகிறது என்று பழங்கால ஐரோப்பியர் நம்பியதால் நிலவுக் குருடு என்றே அதற்குப் பெயரிட்டனர். எலி போன்றவற்றின் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரா கிருமிக்கும் அந்நோய்க்கும் தொடர்புண்டு என்று இன்றைய ஆய்வாளர் கூறுவர். அந்நோயிலும் கண் சிவக்கும், நீர் வடியும், இமை மூடும், கருவிழி மங்கும். புறத்தோற்றம் புண்ணைப் போன்றதே. ஆனால், அதற்குரிய மருந்து எது? ஸ்டீராய்டுதான்! ஒன்றைக் காக்கும் மருந்து மற்றொன்றைக் கெடுக்கும். போதாக்குறைக்குப் புண்ணும் உட்சுவர் அழற்சியும் ஒரே கண்ணில் ஒருசேர இருப்பதும் உண்டு. லாயத்து வாசலில் நின்று எட்டிப்பார்த்து, "இது இன்னதுதான்" என்று சொல்பவர் எந்த அறிவைக் கொண்டு சொல்கிறார்?

பிரித்தறியும் வழி ஒன்று உண்டு. அது மலிவானதும்கூட. ஃப்ளோரசீன் என்ற சாயம் தோய்ந்த சிறு காகிதத் துண்டைத் தூய உப்புநீரில் நனைத்துக் கண்ணில் விடுவார் மருத்துவர். மேல்தோல் முழுமையாக இருந்தால் சாயம் ஒட்டாது கழுவிப் போகும். உரிந்த இடமிருந்தால் அங்கே பச்சையாகப் பற்றி ஒளிரும். புண் மிக ஆழ்ந்து கடைசிச் சவ்வை எட்டிவிட்டாலோ, ஓரம் பச்சையாகவும் நடு சாயம் பற்றாமலும் இருக்கும். பாமரன் அதைப் பார்த்து நடுவில் ஆறிவிட்டது என்பான். கண் பொத்துக்கொள்ளும் தறுவாயில் இருக்கிறது என்று மருத்துவர் அறிவார். சாயமிட்டுப் பாராமல் ஸ்டீராய்டு கலந்த எதையும் குதிரையின் கண்ணில் விடக்கூடாது. நாம் இந்தக் கட்டுரையில் சொல்லவந்ததில் பாதி இந்த ஒரு வாக்கியமே.

இனி நம்மவர் எழுப்பும் மறுப்புகளைப் பார்ப்போம். "துஆவும் தவக்குலும் போதாதா?" என்று ஒருவர் கேட்டார். துஆ போதாது என்று சொல்ல நமக்கு நாவில்லை. ஆனால், மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவியவர்களும் நபி (ஸல்) அவர்களே. நோயுற்றிருந்த ஸஅத் (ரலி) அவர்களை ஸகீஃப் குலத்து மருத்துவர் ஹாரிஸ் இப்னு கலதாவிடம் செல்லுமாறு அனுப்பியதாக அபூதாவூதில் ஓர் அறிவிப்பு உண்டு. ஓதிய அதே வாயால் "கால்நடை மருத்துவரை அழையுங்கள்" என்றும் நாம் சொல்லியிருந்தால் தவக்குலில் எந்தக் குறையும் நேர்ந்திராது. நாம் சொல்லவில்லை.

"தேனும் சுர்மாவும் நபிவழி மருத்துவமல்லவா?" என்பார் மற்றொருவர். தேனில் நிவாரணம் உண்டென்பதைக் குர்ஆனில் ஓதுகிறோம், ஈமான் கொண்டிருக்கிறோம். அறுபட்ட கருவிழியில் அடுக்களைத் தேனை விடு என்று எங்கே ஓதினோம்? இஸ்மித் கல் பற்றிய ஹதீஸ் மனிதர் கண்ணுக்கு மையிடுவதைப் பற்றியது. இன்று கடைத்தெருவில் சுர்மா என்று விற்கும் பொடிகள் பலவற்றில் ஈயம் கலந்திருக்கிறது. புண்பட்ட படலத்தின் மீது எந்தப் பொடியும் உப்புத்தாள் போலவே உராயும். கருஞ்சீரக எண்ணெயும் அவ்வாறே. நபிவழி என்ற முத்திரையை நம் அறியாமையின் மீது குத்தி விற்பது நபி (ஸல்) அவர்களுக்குச் செய்யும் மரியாதையன்று. இதைச் சொல்வதால் சிலர் நம்மீது வருத்தப்படுவர். வருத்தப்படட்டும், நாமும் அதே முத்திரையைக் குத்தியவர்தாம்.

கண்ணூறு என்று சொல்லிக் கழுத்தில் தாயத்தும் நெற்றியில் கறுப்புக் கயிறும் கட்டுவோர் இன்னொரு வகை. ஒட்டகங்களின் கழுத்தில் கட்டிய நாண் கயிறுகளை அறுத்தெறிய நபி (ஸல்) அவர்கள் ஆளனுப்பியது புகாரியில் பதிவானது. மார்க்க விவாதம் ஒருபுறமிருக்கட்டும். நெற்றியில் தொங்கும் அந்தக் குஞ்சம் ஓடும்போது எங்கே அடிக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். கண்ணில்தான் அடிக்கிறது.

நாட்டுப்புறத்தில் வழங்கும் கைமருந்துகளை விரித்தால் பெருகும். உப்பை மென்று துப்புதல், புகையிலைச் சாறு, வெற்றிலைச் சாறு, தாய்ப்பால், படிகார நீர் என ஊருக்கொன்று. எல்லாவற்றுக்கும் ஒரே விடைதான்: வேண்டாம். மழைக்காலம் கழிந்ததும் சில குதிரைகளின் கண்ணுக்குள் வெள்ளை நூல்போல் ஒரு புழு நெளிவதைக் கண்டு பாம்புக் குட்டி என்று அலறியவர்களை நாம் அறிவோம். மாட்டின் வயிற்றறையில் வாழும் ஒருவகைப் புழுவின் குஞ்சைக் கொசு குதிரைக்குக் கொண்டுவருவதால் நேர்வது அது. அது நெளிவது கண்ணின் உள்ளறையில். மேலே துப்பும் புகையிலைச் சாறு அதை எட்டவே எட்டாது. மேல்தோலை மட்டும் பொசுக்கும். மருத்துவர் மரக்கச் செய்து, சிறு கீறலிட்டு அந்தப் புழுவை எடுத்துவிடுவார்.

ஆக, மார்க்கத்தில் இதற்கு என்ன தீர்ப்பு? மருத்துவம் அறிந்தவராக அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்து கேடு விளைந்தால் அவரே பொறுப்பாளி என்ற கருத்தில் அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜா ஆகிய நூல்களில் ஹதீஸ் உண்டு. ஃபிக்ஹு நூல்களில் ளமான் என்று இதைப் பாடம் நடத்துகிறோம். பிள்ளைகளுக்கு உதாரணமும் சொல்கிறோம். அந்தப் பாடம் நம் வாசலுக்கே வந்து நிற்கும் என்று எண்ணியதில்லை. பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியிட்ட பெண்ணின் கதியை அறியாத முஸ்லிம் குழந்தை இல்லை. முகத்தில் சூடிட்ட கழுதையைக் கண்டு நபி (ஸல்) அவர்கள் சூடிட்டவனைச் சபித்ததையும் அறிவோம். தம் குதிரையின் முகத்தை மேலாடையால் துடைத்ததையும், குதிரைகள் விஷயமாக இரவில் தாம் கண்டிக்கப்பட்டதாகக் கூறியதையும் முவத்தாவில் வாசிக்கிறோம். வாசித்துவிட்டு லாயத்துக்குள் நுழைகையில் அதை வாசலில் கழற்றி வைத்துவிடுகிறோம்.

வரலாற்றிலும் நமக்கு ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. அரபு நாட்டுக் குதிரைகள் கடல் கடந்து காயல் துறையில் இறங்கிய காலத்தில், பாண்டிய நாட்டில் அவை பராமரிக்கத் தெரியாமல் கூட்டங்கூட்டமாக மாண்டன என்று 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ எழுதினார். குதிரை வைத்தியர் எவரையும் வணிகர்கள் வரவிடவில்லை என்றும், குதிரைகள் செத்தால்தான் மேலும் விற்கலாம் என்பதே அவர்கள் கணக்கு என்றும் அவர் குற்றஞ்சாட்டினார். அவர் மிகைப்படுத்தக் கூடியவர்தான். ஆயினும் அந்த வணிகத்தை நடத்தியோரில் பெரும்பாலோர் நம்மவர் என்பதை மறந்து, காயல் துறையின் பெருமையை மட்டும் பேசிக்கொண்டிருப்பது நியாயமாகாது. அதே காலத்தை ஒட்டி, மிஸ்ரின் மம்லூக் சுல்தான் நாஸிர் முஹம்மதுவின் லாயத்தில் அபூபக்ர் என்ற குதிரை வைத்தியர் நோய்களை வகைப்படுத்தி நூலே எழுதினார். பைதார் என்று அத்தொழிலுக்குத் தனிப் பெயரும் மதிப்பும் இருந்தன. குதிரைக்கு வைத்தியரை வரவழைப்பது நம் மரபு. வரவிடாமல் தடுத்ததும் நம் வரலாறே.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்வோம். நாம் சொல்வது மருத்துவம் அன்று. மருத்துவர் வரும்வரை கேடு செய்யாதிருக்கும் வழியே. அதையும் அவரிடம் கேட்டறிந்தே எழுதுகிறோம்.

குதிரையின் மேலிமை மயிர்கள் நலமான கண்ணில் ஏறத்தாழ நேராக முன்னோக்கி நீட்டி நிற்கும். கண்ணில் வலி வந்தால் அவை கீழ்நோக்கிச் சரியும். இரு கண்களையும் எதிரே நின்று ஒப்பிட்டால் சிறுவனும் கண்டுகொள்வான். அன்று அந்தக் குதிரையின் இடக் கண் மயிர்கள் தரையைப் பார்த்திருந்தன. நாம் ஓதிக்கொண்டே அதைப் பார்த்தும் படிக்கத் தெரியாமல் நின்றோம். இமை மயிர் சரிவு, கண்ணை இடுக்குதல், நீர்வடிவு, வெளிச்சத்துக்கு அஞ்சுதல், கருவிழியில் வெண்மையோ நீலமோ மஞ்சளோ படர்தல், இமை வீக்கம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அது அன்றைக்கே பார்க்க வேண்டிய அவசரம். நாளைக்குப் பார்ப்போம் என்பது குதிரையின் கண் விஷயத்தில் பொருந்தாது. சனி, ஞாயிறு என்ற கணக்கும் கூடாது.

அழைத்துவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் குதிரையை நிழலான, புழுதியற்ற இடத்தில் நிறுத்துங்கள். வேலைக்குக் கொண்டுபோகாதீர்கள். உயரத்தில் தொங்கும் புல் வலையை இறக்கித் தீவனத்தைத் தரையில் வையுங்கள். தலைக்கு மேலிருந்து உதிரும் துரும்புதான் பல புண்களுக்குத் தொடக்கம். கண்ணைத் தூணில் தேய்க்கவிடாதீர்கள். ஈ மொய்த்தால் முகத்துக்கு வலைத்துணி அணிவியுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் கிருமி நீக்கிய உப்புநீரால் கண்ணோரத்தை மெல்லக் கழுவலாம். அதற்கு மேல் வேண்டாம். சோப்பும் டெட்டாலும் காயம் கழுவும் கரைசல்களும் கண்ணுக்கு நஞ்சு. குத்தி நிற்கும் முள்ளோ ஆணியோ இருந்தால் பிடுங்காதீர்கள். அது துளையை அடைத்துக்கொண்டிருக்கக் கூடும். ஏற்கெனவே எதையாவது ஊற்றியிருந்தால் வெட்கப்படாமல் புட்டியோடு மருத்துவரிடம் காட்டுங்கள். மறைத்தால் அவருடைய தீர்ப்பே தவறிப்போகும்.

மருத்துவர் பரிசோதிக்கையில் கண் மரக்க ஒரு சொட்டு விடுவார். மூடிக்கிடந்த கண் சட்டெனத் திறக்கும். அதைக் கண்டு, "இந்த மருந்தையே எழுதிக் கொடுங்கள்" என்று கேட்போர் உண்டு. அது பரிசோதனைக்கு மட்டும் உரியது. நாள்தோறும் ஊற்றினால் புண் ஆறவே ஆறாது. பாவையை விரிக்க அட்ரோபின் என்ற மருந்து தருவதுண்டு. கண்ணின் உள்தசை இறுகி வலிப்பதை அது தளர்த்துகிறது. ஆனால் குடலின் அசைவையும் அது மந்தப்படுத்தக் கூடும். ஆதலால் அது நடக்கும் நாட்களில் லத்தி வழக்கம்போல் விழுகிறதா என்று எண்ணிப் பாருங்கள். குறைந்தாலோ, குதிரை விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ, படுத்துப் புரண்டாலோ உடனே தெரிவியுங்கள். பாவை சில நாட்கள் விரிந்தே இருக்கும் என்பதால் வெயிலில் கட்டக்கூடாது.

மருந்திடுவதற்கும் ஒழுங்கு உண்டு. கையை நன்கு கழுவுங்கள். ஒருவர் தலைக்கயிற்றைப் பிடிக்க, மருந்திடுபவர் தம் கையைக் குதிரையின் முகத்தில் ஊன்றிக்கொள்ள வேண்டும். தலை அசைந்தால் கையும் உடன் அசையும். புட்டி முனை கண்ணில் குத்தாது. முனை கண்ணையோ இமையையோ தொடலாகாது. இரண்டு மருந்துகள் இருந்தால் இடையில் ஐந்து முதல் பத்து நிமிடம் விடுங்கள். சொட்டு முதலில், களிம்பு பின்னர். சாதாரண மேலோட்டப் புண் ஒரு வார அளவில் ஆறக்கூடியது. ஆறிவிட்டது என்று சொல்ல வேண்டியவர் மீண்டும் சாயமிட்டுப் பார்த்த மருத்துவரே. கண் தெளிந்துவிட்டது என்று பாதியில் நிறுத்தாதீர்கள். வெப்பமும் ஈரமும் மிகுந்த நம் பக்கங்களில் வைக்கோலும் புல்லும் கீறிய புண்ணில் பூஞ்சை பிடிப்பது எளிது. அப்படிப் பிடித்தால் மருத்துவம் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் நீளும்.

கரையத் தொடங்கிய புண்ணுக்கு இரவும் பகலும் மணிக்கொருமுறை மருந்து வேண்டியிருக்கும். வலியில் துடிக்கும் குதிரை அத்தனை முறை கண்ணைத் திறக்க விடாது. அதற்காக இமை வழியே ஒரு மெல்லிய குழாயைப் பொருத்தி, அதன் மறுமுனையைப் பிடரியில் கட்டி, அங்கிருந்தே மருந்து செலுத்துகின்றனர். குதிரையின் சொந்த இரத்தத்தை எடுத்துத் தெளியவைத்து, மேலே நிற்கும் நிணநீரை அதே கண்ணில் விடுவதும் உண்டு. படலத்தைக் கரைக்கும் நொதிகளை அது தடுக்கிறது. நோயுள்ள உடலிலேயே நோய்க்கு மருந்தை வைத்த இறைவனின் ஏற்பாட்டை எண்ணி வியந்தோம். அந்த ஏற்பாட்டை அறிய ஒருவர் ஐந்தாண்டுக்கு மேல் கல்லூரியில் படிக்க வேண்டியிருக்கிறது என்பதையும் சேர்த்தே எண்ணினோம்.

"ஏழை குதிரைக்காரர் எங்கே போவார்?" என்ற கேள்வி மட்டும் நம்மைத் தயங்க வைப்பது. அதில் உண்மையுண்டு. ஊர்வலத்துக்கு வாங்கும் கூலியில் தீவனமும் லாடமும் போக மிஞ்சுவது சொற்பம். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணை அழைத்தால் கால்நடை மருத்துவ ஊர்தி வரும் ஏற்பாடு உண்டு. சென்னை வேப்பேரியில் 1903 முதல் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியும் உண்டு. இவை பெரும்பாலான குதிரைக்காரர்களுக்குத் தெரியாது. தெரிவிப்பது ஜமாஅத்தின் வேலை. அதைவிட முக்கியமாக, செலவில் பங்கேற்க வேண்டியவர் யார்? மாப்பிள்ளை வீட்டார் பந்தலுக்கும் விளக்குக்கும் வாணத்துக்கும் லட்சக்கணக்கில் செலவிடுகின்றனர். அதே ஊர்வலத்தில் புண்பட்ட கண்ணுக்குச் சில ஆயிரம் கொடுக்க நேர்ந்தால் அது குதிரைக்காரர் தலைவிதியா? வாடகைக்கு எடுத்த பொருளுக்கு நம் கையால் சேதம் வந்தால் யார் பொறுப்பு என்று எந்த முத்தவல்லியையும் கேளுங்கள், சட்டெனச் சொல்வார். அந்தப் பொருளுக்கு உயிர் இருந்தால் மட்டும் தீர்ப்பு மாறுமா?

ஆகவே, ஊர்வலம் கூடுமா கூடாதா என்ற வாதம் நடக்கட்டும். அது முடியும்வரை நம் வீட்டு விசேஷத்துக்குக் குதிரை அழைப்போர், நுரைத் தெளிப்பானும் ஜிகினாக் குழாயும் குதிரைக்கு அருகே வராது என்பதை மாப்பிள்ளைத் தோழர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். முன்னிரவில் குதிரை வந்ததும் விளக்கொளியில் அதன் இரு கண்களையும் பாருங்கள். ஒன்று இடுங்கியிருந்தால் பேசிய கூலியைக் கொடுத்துத் திருப்பி அனுப்புங்கள். கூலியை மறுத்தால் அடுத்த முறை அவர் நோயை மறைப்பார். நோயுற்ற பிராணியை வேலை வாங்குவது 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படியும் குற்றமே. வேலை வாங்குபவருக்கும், அதற்கு உடன்பட்ட உரிமையாளருக்கும் அது பொருந்தும்.

மருந்துக்கடை வைத்திருக்கும் நம் சகோதரர்களுக்கும் ஒரு சொல். ஸ்டீராய்டு கலந்த கண் மருந்து மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதது என்பதை எம்மைவிட நீங்கள் நன்கறிவீர்கள். "குதிரைக்குத்தானே" என்று எடுத்துக் கொடுக்கும் அந்தக் கை, நாளை "குழந்தைக்குத்தானே" என்றும் கொடுக்கும். மனிதக் கண்ணின் புண்ணையும் அம்மருந்து இவ்வாறே கெடுக்கும்.

அந்த வெள்ளைக் குதிரைக்கு இன்று வலக்கண் மட்டுமே இருக்கிறது. ஊர்வலத்துக்கு அதை எவரும் அழைப்பதில்லை, அவரும் விற்கவில்லை. இடப்பக்கமாகச் செல்பவர் குரல் கொடுத்துவிட்டுத்தான் அணுக வேண்டும், இல்லையேல் மிரளும். இதைச் சிறுவன் நமக்குக் கற்றுக்கொடுத்தான். நம் ளமான் என்னவென்று நமக்கு ஓதிக்கொடுத்த மூத்த உஸ்தாத் ஒருவரிடம் கேட்டோம். அவர் நெடுநேரம் கேள்விகள் கேட்டார்: தேன் விடச் சொன்னது யார், சொட்டு மருந்து ஊற்றியது யார், வேலைக்கு அனுப்பியது யார் என்று. பிறகு, "தீர்ப்பு இருக்கட்டும், உம்மால் எவ்வளவு கொடுக்க முடியும்?" என்றார். மாதந்தோறும் தீவனச் செலவில் ஒரு பங்கைக் கொடுத்து வருகிறோம். தந்தை வாங்க மறுத்துவிட்டார். மகன் கையில் கொடுக்கிறோம். அவன் நேரே புல்லுக்கட்டுக் கடைக்குப் போகிறான்.